படகு இழுத்த பாதையில் மிதிவண்டி

ஆற்றோரமாக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் செல்லும் பாதை; காரோ லாரியோ பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை; மூச்சு வாங்கும் மேடும் அதிகம் இல்லை. சிறுவர்களும் அறுபதைத் தாண்டியவர்களும் சேர்ந்தே மிதிவண்டியில் போகலாம். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட பாதைகள் பல உண்டு. அவற்றுள் புகழ் பெற்றது, ஜெர்மனியின் பாசௌ நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா வரை, டான்யூப் ஆற்றை ஒட்டிச் செல்லும் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் பாதை. இது எப்படி உண்டாயிற்று என்பதை நம் சங்கக் குடும்பங்கள், குறிப்பாகக் கொல்கத்தாவில் வளரும் நம் பிள்ளைகள், அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் நான். ஆகவே கொஞ்சம் பாடமாகவே சொல்கிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரிவுக் கணக்கு

முதலில் ஒரு சிறு கணக்கு. பாசௌ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வியன்னாவில் ஆற்றங்கரை ஏறத்தாழ 160 மீட்டர் உயரம். வேறுபாடு 140 மீட்டர். இதை 320 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால், ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவுகூட இல்லை. மலைகளுக்கு இடையே ஓடும் இடங்களிலும் ஆறு தனக்குத் தாழ்வான வழியைத்தான் தேடிக்கொள்கிறது. அதன் கரையோடு போகிறவருக்கும் அதே சமதளம் கிடைக்கிறது. இங்கே மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்களே அதிகம். எனவே மேற்கிலிருந்து கிழக்கே போகிறவருக்குச் சரிவும் துணை, காற்றும் துணை.

ஆனால் ஆறு வழியைக் காட்டலாம். பாதை போட்டுத் தராது. பாதை போட்டவர்கள் வேறு.

குதிரைகள் நடந்த வழி

இரயிலும் நல்ல சாலையும் இல்லாத காலத்தில் சரக்குப் போக்குவரத்துக்கு ஆறே பெருவழி. நீரோட்டத்தோடு கீழே போவது எளிது. தெற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் கட்டப்பட்ட தட்டையான மரப் படகுகள் சரக்கோடும் பயணிகளோடும் வியன்னாவுக்கு மிதந்து வரும். வந்து சேர்ந்ததும் பல படகுகளைப் பிரித்து, மரமாகவே விற்றுவிடுவார்கள். நீரோட்டத்தை எதிர்த்து அவற்றைத் திரும்பக் கொண்டு செல்லும் செலவுக்கு அதுவே மேல்!

உப்பு, தானியம், மது முதலிய சரக்குகளை மேல்நோக்கிக் கொண்டு போக வேண்டுமானால், கரையில் நின்று கயிறு கட்டி இழுக்க வேண்டும். பெரிய படகு வரிசைகளுக்குப் பல பத்துக் குதிரைகள் பூட்டப்பட்டன. அந்தக் குதிரைகள் நடப்பதற்காகவே நீரை ஒட்டி அமைந்தது இழுவைப் பாதை. ஆஸ்திரியர் இதை ‘ட்ரெப்பல்வேக்’ என்பார்கள். கயிறு சிக்காதபடி கரையோர மரங்களை வெட்டி வைத்தார்கள். ஒரு கரையில் பாறை செங்குத்தாக வந்து மறித்தால், குதிரைகளைப் படகிலேற்றி எதிர்க்கரையில் கொண்டு விட்டார்கள்.

இது நமக்கு அந்நியமான செய்தியன்று. நாம் வாழும் வங்கத்திலும் படகோட்டிகள் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுப்பார்கள். அதற்குக் ‘குண் டானா’ என்று பெயர். ‘குண்’ என்றால் கயிறு. வடமொழியிலும் குணம் என்ற சொல்லுக்குக் கயிறு என்ற பொருள் உண்டு.

வேலை போன பாதை

1829ஆம் ஆண்டு வியன்னாவில் டான்யூப் நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1858இல் வியன்னாவுக்கும் லின்ஸுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. குதிரைகளுக்கு வேலை போயிற்று. பாதைக்கும் வேலை போயிற்று.

இந்த இடத்தில்தான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை போன பாதையை வீட்டு மனையாகப் பங்கு போட்டு விற்றிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. கரையைப் பழுது பார்க்கவும், கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கவும் அந்த வழி தேவைப்பட்டதால், அது பொதுவழியாகவே நீடித்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே நீர்மின் நிலையங்கள் எழுந்தன. 1959இல் நிறைவடைந்த இப்ஸ்-பெர்சன்பொய்க் அவற்றுள் ஒன்று. அவற்றின் கரை அணைகள்மீதும் பராமரிப்புப் பாதைகள் அமைந்தன. 1980களில் இவ்வழிகள் மிதிவண்டிக்காரர்களுக்காகத் திறந்துவிடப்பட்டன. வழிகாட்டிப் பலகைகள் வைக்கப்பட்டன. அதுவரை யாரும் அதிகம் நடக்காத கரை உலகறிந்த பாதையாயிற்று. இன்று அது, பிரான்சின் அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை செல்லும் ‘யூரோவெலோ 6’ என்ற நெடும்பாதையின் ஒரு பகுதி.

நாங்கள் கண்டது

2017 ஜூன் மாதம் நானும் என் மனைவியும், லின்ஸில் பணிபுரியும் மகளும், விடுமுறைக்காக எங்களோடு கொல்கத்தாவிலிருந்து வந்த மகன்வழிப் பேத்தியுமாக இப்பாதையில் சென்றோம். பாசௌவிலிருந்து கிரெம்ஸ் வரை ஆறு நாட்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மிதிவண்டிகள் வாடகைக்கு எடுத்தவை. பேத்திக்கு அப்போது பதினொரு வயது. அடுக்குமாடி வளாகத்துக்குள்ளேயே வண்டி ஓட்டக் கற்றவள். வாயில் கதவைத் தாண்டி ஒருநாளும் ஓட்டியதில்லை. முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. இரண்டாம் நாள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பிறகு அவளைப் பிடிக்க நாங்கள்தான் வேகமாக மிதிக்க வேண்டியதாயிற்று.

பாசௌவில் டான்யூப், இன், இல்ட்ஸ் என மூன்று ஆறுகள் கூடுகின்றன. அடுத்து ஷ்லோகன் என்னும் இடத்தில் ஆறு கடினப் பாறையைச் சுற்றி, வந்த திசைக்கே திரும்புவதுபோல் வளைகிறது. அங்கே இடக்கரையில் சிறிது தூரத்துக்குப் பாதையே இல்லை. படகில்தான் கடக்க வேண்டும். கிரைன் ஊருக்கு அருகே ஒரு காலத்தில் படகுகளை விழுங்கிய நீர்ச்சுழிகள் இருந்தன. பாறைகளை வெடி வைத்துத் தகர்த்தும், பின்பு அணை நீர் உயர்ந்தும் அவை மறைந்தன. மெல்க் ஊரில் பாறைமீது பொன்னிற மடாலயம் நிற்கிறது. 1089 முதல் அங்கே பெனடிக்ட் துறவியர் வாழ்கின்றனர். அதற்குப் பின் வாஹௌ பள்ளத்தாக்கு. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம் பெற்றது. இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், பாதாமி மரங்கள்.

அங்கே ஸ்பிட்ஸ் என்ற ஊரில் ஓர் ஓடம் இருக்கிறது. அதற்கு இயந்திரம் கிடையாது, துடுப்பும் கிடையாது. ஆற்றுக்குக் குறுக்கே உயரத்தில் கட்டிய கம்பி வடத்தில் ஓடத்தைப் பிணைத்திருக்கிறார்கள். ஓடத்தைச் சற்றே சாய்வாகத் திருப்பினால், ஓடும் நீரே அதைத் தள்ளி மறுகரை சேர்க்கிறது. “தாத்தா, சத்தமே இல்லையே, எப்படிப் போகிறது?” என்று கேட்டாள் பேத்தி. காற்றாடியை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். நூல் பிடித்திருப்பதால்தான் காற்று காற்றாடியைத் தூக்குகிறது. வடம் பிடித்திருப்பதால்தான் நீர் ஓடத்தை நகர்த்துகிறது.

மறைக்கக் கூடாதவை

எல்லா இடத்திலும் பாதை முற்றிலும் தனியானது என்று எண்ண வேண்டாம். சில இடங்களில் ஊர்த் தெருக்களோடும் உழவர்களின் வண்டிகளோடும் சேர்ந்து போகிறது. வெள்ளம் வந்தால் பாதை முழுகும். 2013 ஜூனில் பாசௌவில் நீர் 12 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வெள்ளம் பாயும் தாழ்நிலம் என்பதாலேயே பல இடங்களில் வீடுகளும் பெருஞ்சாலையும் விலகி நிற்கின்றன. நாம் அனுபவிக்கும் அமைதிக்கு அதுவும் ஒரு காரணம். லின்ஸைத் தாண்டியதும் மௌத்தௌசன் வருகிறது. 1938 முதல் 1945 வரை அங்கிருந்த நாஜி வதைமுகாம் இன்று நினைவிடம். அழகான ஆறு என்பதற்காக அதைப் பாராமல் போவது சரியன்று.

நமக்கு என்ன பாடம்?

“அவர்களிடம் பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது” என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இந்தப் பாதைக்குப் பெரும்பாலும் புது நிலம் தேடவில்லை. இருந்த வழியைக் கைவிடாமல் வைத்திருந்து, அதற்குப் புது வேலை கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம் நகரிலும் நீர்வழிகள் இருந்தன. ஆதிகங்கையை 1770களில் தூர் வாரிப் படகு விட்டார்கள். டோலி நாலா என்ற பெயர் அப்படி வந்தது. 2009இல் திறக்கப்பட்ட மெட்ரோ நீட்டிப்பின் தூண்கள் அதன் படுகையிலேயே நிற்கின்றன. மெட்ரோ நமக்குத் தேவை. நானும் அதில் போகிறேன். ஆயினும் ஒரு நீர்வழியும் அதன் கரையும் போனால் திரும்ப வருவதில்லை என்பதையும் எண்ண வேண்டும். 2013இல் இந்நகரின் 174 சாலைகளில் மிதிவண்டி தடை செய்யப்பட்டது. பின்னர் அந்த எண்ணிக்கை குறைந்தது. சாலையில் இடமில்லை என்றால் பிள்ளைகள் எங்கே ஓட்டுவார்கள்? எஞ்சியுள்ள கால்வாய்க் கரைகளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். நாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள்தாம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஊர் இது. குடியிருப்பு நலச் சங்கக் கூட்டங்களில் கால்வாய்க் கரை பற்றிய பேச்சு வரும்போது, நாமும் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

பிள்ளைகளுக்கு இரண்டு பயிற்சிகள்

1. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கால்வாயையோ ஆற்றையோ வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். கரையோடு தடையின்றி எவ்வளவு தூரம் நடக்க முடியும்? பெரியவர் ஒருவரோடு சென்று அளந்து வாருங்கள்.

2. தாத்தா பாட்டியின் ஊரில் ஆற்றிலோ கால்வாயிலோ படகு போனதுண்டா என்று கேளுங்கள். கயிறு கட்டி இழுத்தார்களா, காற்றுப் பாய் விரித்தார்களா? கேட்டதைப் பத்து வரியில் தமிழில் எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள்.