ரவி வர்மாவின் தெய்வத் திருவுருவங்கள்

ஓவியத்தைக் காண்டல் வேறு, கற்றல் வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்குப் பொறுமையும் வேண்டும்.

கிளிமானூரிற் பிறந்த ராஜா ரவி வர்மா (1848–1906) வரைந்த தெய்வ உருவங்களை, கே.கே. நகரில் என் இல்லத்திலிருந்தே ஓரிரவு காணும் பேறு பெற்றேன். பெங்களூரில் அவர் பெயரால் விளங்கும் பாரம்பரிய அறக்கட்டளை, அவர்தம் படங்களைக் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் என்னும் இணையக் காட்சிக்கூடத்தில் யாவரும் காண வைத்துள்ளது.

முதலில் இலக்குமியின் படத்தை நோக்கினேன். தாமரைமேல் நிற்கின்றாள், மேற்கைகளில் தாமரை மலர்கள், பின்னே மாலையேந்திய யானை. மேனாட்டு முறைப்படி ஒளியும் நிழலும் அமைய வரைந்தமையால், சேலையுடுத்த ஒரு பெண்மணியே எதிர்நிற்பது போலத் தோன்றும். என் பாட்டியாரின் பூசையறையிலும் இப்படமே இருந்தது. விளக்குப் புகையேறி மங்கிய அதில் யானை ஒன்று உண்டென்பதை யான் அன்றிரவே அறிந்தேன்.

படத்தைப் பெருக்கவே, கன்னத்தின் நிறம் எண்ணற்ற சிறு புள்ளிகளாகப் பிரிந்தது. அது தூரிகையின் வேலையன்று, கல்லச்சின் வேலை. 1894-இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். நிறத்துக்கொரு கல்லாக உருவெழுதி, ஒரே தாளில் ஒன்றன்மேலொன்றாகப் பதிப்பர். புள்ளிகள் கலந்து மேனி நிறமாகும்.

ஈண்டு மதுரை மாணவர் ஒன்று கருதல் வேண்டும். 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழும்வரை, மீனாட்சியம்மன் கோயிற் கதவு நம் மக்களுட் பலர்க்கு அடைத்தே இருந்தது. அச்சுப் படத்துக்கோ வாயிற்காவல் இல்லை. காசு கொடுத்தார் எவர் சுவரிலும் அது அமர்ந்தது. அரண்மனை ஓவியம் அன்று குடிசைச் சுவருக்கு வந்தது. காட்சிக்கூடம் இன்று கைப்பேசிக்கு வந்துள்ளது.

நிற்க. பெரும்படமும் சிறுபடமும் திரையில் ஒரே அளவாகிவிடும். ஆதலின், படத்தின்கீழ் அளவு குறித்திருப்பின், அதன்படி சுவரில் நூல் பிடித்து அதன்முன் நின்று பாருங்கள். பின்னர்ப் படத்தைப் பெருக்கி, தூரிகைக் கோடோ, அச்சுப் புள்ளியோ எனத் தேருங்கள். அடுத்த படத்துக்கு விரல் விரைந்தாலும், ஒரு படத்திலேயே அரைமணி நேரம் நில்லுங்கள்.

என் பாட்டியார் நாடோறும் விளக்கேற்றி அவ்வொரு படத்தின் முன்னரே நின்றார். புகையேறிய அதிலும் அவர் யானையைக் கண்டிருப்பார்.