ஏரியும் நகரும்

மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்றொரு தெருவுண்டு. அங்கு நின்று நோக்குவார்க்கு ஏரி புலப்படாது. நுங்கம்பாக்கத்திலோ ‘டாங்க் பண்டு ரோடு’ உளது. கரையின் பெயர் நிற்க, ஏரி மறைந்தது. தமிழ் பயிலும் எமக்கு இத்தெருப்பலகைகள் கல்வெட்டுக்களை ஒக்கும்.

மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் அமைந்தது. தூர்ந்த நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மழையின் சிறப்பை இரண்டாம் அதிகாரத்திலேயே வைத்த புலவர்க்கு வாய்த்த இடத்தை என்னென்பது!

ஓர் ஏரி நிறைந்தால் மிகுநீர் கலிங்கு வழியே அடுத்த ஏரியை அடையும். தங்கிய நீர் கிணறுகளுக்கு ஊற்றாகும். அத்தொடர்பு அறுபடின் வெள்ளத்திற்கு இடமில்லை; கோடைக்கு இருப்புமில்லை. மழை மிகுதலும் பொய்த்தலும் நம் வயத்தன அல்ல. ஆயினும், 2015 டிசம்பரில் வெள்ளத்துள் ஆழ்ந்த சென்னை, 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறள, ஜோலார்பேட்டையினின்று ரயில் வண்டியொன்றுக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் நீர் தருவித்தது.

இனி நகர் பெரிதும் தெற்கே பரவுகின்றது. ஆங்குள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைப் பெருங்குடிக் குப்பைமேடும் அலுவலக மாளிகைகளும் நெருக்கியுள்ளன. எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிற் சேர்ந்தது. மழைக்காலத்தில் அந்நீர் எதுவரை பரவுமென்பதை அளந்த பின்னரே அதனருகே கட்டட அனுமதி வழங்குதல் வேண்டுமென்பது எம் கருத்து.