எரிவாயுவில் என்ன இருக்கிறது?



ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் பெற்றோருக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். கொண்டுவந்த பாலை நிறுத்தால் மட்டும் போதாது. அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதையும் சோதித்தறிய வேண்டும். ஏனெனில், மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். சோதனை தவறினால் கணக்கும் தவறிவிடும். இயற்கை எரிவாயுவுக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

பூமிக்கு அடியிலிருந்து கிடைக்கும் இயற்கை எரிவாயு ஒரே பொருள் அன்று. பல வாயுக்களின் கலவை. பெரும்பாலும் அதில் மீத்தேனே மிகுதி. ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவையும், எரியாத நைட்ரஜனும் கரியமில வாயுவும் அதில் கலந்திருக்கும். கிணற்றுக்குக் கிணறு இவற்றின் அளவு மாறும். ஒரு கன மீட்டர் மீத்தேன் எரிந்தால் ஏறத்தாழ 38 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். அதே அளவு ஈத்தேன் ஏறத்தாழ 66 மெகாஜூல் தரும். கரியமில வாயுவோ சிறிதும் தராது. ஆகவே, கலவையை அறியாமல் நியாயமான விலை கூற இயலாது.

ஆய்வின் முதற்படி மாதிரி எடுத்தல். உறுதியான எஃகு உருளையில், உள்ளிருக்கும் காற்றை முற்றிலும் வெளியேற்றிய பின்னரே எரிவாயுவை நிரப்புவர். உருளை குளிர்ந்துவிட்டால் கனமான வாயுக்கள் துளிகளாகப் படிந்துவிடும், முடிவு பிழையாகும். எனவே, ஆய்வுக்கூடத்தில் அதனை முறையாகச் சூடாக்குவர்.

பின்னர், வாயுக் குரோமட்டோகிராப் என்னும் கருவியில் சிறிதளவு மாதிரியைச் செலுத்துவர். அக்கருவியினுள் மெல்லிய நீண்ட குழாய் ஒன்று சுருளாக இருக்கும். ஹீலியம் வாயு மாதிரியை அதன் வழியே சுமந்து செல்லும். குழாயினுள் இருக்கும் பொருள் சில வாயுக்களைச் சற்று அதிகமாகப் பற்றிக்கொள்ளும். பள்ளிக்கு ஒன்றாகப் புறப்பட்டவர்களில், வழியிலுள்ள கடைகளில் நின்று நின்று வருபவன் பின்தங்குவது போல, அவ்வாயுக்கள் பின்தங்கும். மீத்தேன் முந்தும், அதன்பின் ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என ஒவ்வொன்றாக வெளிவரும். கடைசியில் உள்ள உணர்கருவி ஒவ்வொன்றையும் ஒரு சிகரமாக வரைந்து காட்டும். சிகரத்தின் பரப்பு பெரிதானால் அவ்வாயுவின் அளவும் அதிகம். அளவு முன்னரே தெரிந்த மற்றொரு கலவையோடு ஒப்பிட்டு விழுக்காட்டைக் கணக்கிடுவர்.

1983-ஆம் ஆண்டில் சரவாக்கின் பிந்துலுவிலிருந்து திரவமாக்கப்பட்ட எரிவாயு முதன்முறையாக ஜப்பானுக்குக் கப்பலேறியது. திரவமாக்குவதற்கு எரிவாயுவைச் சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 162 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். கரியமில வாயு மீந்திருந்தால் அக்குளிரில் உறைந்து குழாய்களை அடைத்துவிடும். அதனை நீக்கியாயிற்றா என்பதை ஆய்வே உறுதிப்படுத்தும்.

உயிர் காக்கும் பணியும் இதில் உண்டு. சில கிணறுகளின் எரிவாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு கலந்திருக்கும். சிறிதளவாயின் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே அது மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கியது என்று நம்பும் தொழிலாளி உயிரிழக்க நேரிடும். மூக்கு ஏமாறும் இடத்திலும் முறையான ஆய்வு ஏமாறாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரித்து அறிவதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. அறிவியல் கற்பிப்பதும் அதுவே. மாணவர்களே, எதனையும் சோதித்து அறியும் பழக்கத்தை இளமையிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள். நாளை அந்த ஆய்வுக்கூடத்தில் நின்று பணிபுரிபவர் உங்களுள் ஒருவராக இருக்கட்டும்!