கடைசி இடத்துக்கும் ஒரு போட்டி



பந்தயம் என்றதும் நம் நினைவில் முந்தி நிற்பவர் முதலில் வந்தவரே. அவர் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பர். அவர் கழுத்தில் மாலை விழும். கையில் வெற்றிக் கிண்ணம் ஏறும். இறுதியாக வந்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆயினும், ஐரோப்பாவில் நடைபெறும் நெடுந்தூர மிதிவண்டிப் பந்தயங்களில் கடைசி இடத்தைப் பிடிப்பதற்கென்றே வீரர்கள் போட்டியிட்டதுண்டு. வேடிக்கையாகத் தோன்றும் இச்செய்தியில் நாம் சிந்தித்து உணர வேண்டிய உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை ஈண்டுக் காண்போம்.

செவ்விளக்கு என்னும் பெயர்

பிரான்சு நாட்டில் நடைபெறும் டூர் டி பிரான்ஸ் என்னும் பந்தயம் 1903-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதற் பந்தயத்தின் தொலைவு 2,428 கிலோமீட்டர். அது ஆறு கட்டங்களாக நடத்தப்பட்டது. புறப்பட்டவர் 60 பேர். முடித்தவர் 21 பேர் மட்டுமே. மொரிஸ் கரான் என்பவர் முதல்வரானார். இருபத்தொன்றாம் இடத்தைப் பெற்றவர் ஆர்சேன் மில்லோஷோ. முதல்வரைவிட அவர் எடுத்துக்கொண்ட நேரம் 64 மணிக்கும் மேல் அதிகம். எனினும், பாதி வழியில் விலகிய 39 பேரையும் அவர் வென்றுவிட்டார் அல்லரோ?

அக்காலத்தில் இரயில் வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு ஒன்றைத் தொங்கவிடுவர். எந்தப் பெட்டியும் வழியில் கழன்று நின்றுவிடவில்லை என்பதற்கு அவ்விளக்கே சான்று. அதனை ஒட்டியே இப்பந்தயத்தில் கடைசியாக வரும் வீரரைச் 'செவ்விளக்கு' என்று அழைக்கலாயினர்.

கடைசியாக வருவது எளிதா?

மெதுவாகச் சென்றால் யாரும் கடைசியாக வந்துவிடலாமே என்று நீங்கள் எண்ணக்கூடும். அது தவறான எண்ணம். ஒவ்வொரு நாளும் வீரர்களுக்குக் கால வரம்பு ஒன்று உண்டு. அன்றைய முதல்வர் எடுத்துக்கொண்ட நேரத்தோடு நூற்றுக்கு இத்தனை விழுக்காடு என்று கூட்டி அவ்வரம்பைக் கணக்கிடுவர். எடுத்துக்காட்டாக, முதல்வர் 5 மணி நேரத்தில் வந்து சேர்கிறார் என்றும், வரம்பு பத்து விழுக்காடு என்றும் கொள்வோம். மற்றவர்கள் 5 மணி 30 நிமிடத்திற்குள் வந்தாக வேண்டும். தவறினால் மறுநாள் அவர்களுக்குப் பந்தயத்தில் இடமில்லை.

இவ்விழுக்காடு நாள்தோறும் ஒன்றாக இராது. பாதையின் கடுமைக்கும் ஓட்டத்தின் வேகத்திற்கும் ஏற்ப அது மாறும். எனவே, மலையேற்ற நாள்களில் பின்தங்கியவர்கள் ஒன்றாகக் கூடி, ஒருவரை ஒருவர் ஊக்கப்படுத்தி, நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே செல்வர். அக்கூட்டத்திற்குப் 'பேருந்து' என்றே வேடிக்கைப் பெயர் உண்டு. கடைசி இடத்தை விரும்புபவர் நேரத்தை இழக்கவும் வேண்டும். வரம்பைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். கத்தியின் மேல் நடப்பது போன்ற கணக்கு அது.

கறுப்புச் சட்டைக்குப் போட்டி

இத்தாலி நாட்டின் பெரும் பந்தயத்தில் 1946 முதல் 1951 வரை, கடைசியாக வருபவருக்கென்று கறுப்புச் சட்டை ஒன்று இருந்தது. உலகப் போர் முடிந்து மக்கள் வறுமையில் வாடிய காலம் அது. பின்தங்கியவர்மீது இரக்கம் கொண்ட மக்கள் பணமும் உணவுப் பொருள்களும் வழங்கினர். லுயிஜி மலபுரோக்கா என்பவர் 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அச்சட்டையைப் பெற்றார்.

1949-ஆம் ஆண்டில் பௌஸ்டோ கோப்பி முதலிடத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். பின்னாலோ, மலபுரோக்காவுக்கும் சாந்தே கரோல்லோ என்பவருக்கும் கடைசி இடத்திற்காகக் கடும்போட்டி மூண்டது. மலபுரோக்கா உணவு விடுதிகளிலும் வைக்கோற் கொட்டகைகளிலும் ஒளிந்துகொண்டு நேரத்தைப் போக்கினார் என்பர். இறுதி நாளன்று அவர் வழியில் மிகவும் தாமதித்துவிட்டாராம். எல்லையை அடைந்தபோது நேரக் கணிப்பாளர்கள் காத்திருந்து சலித்து, வீடு திரும்பிவிட்டனராம். ஆகவே, பெருங்கூட்டத்தோடு வந்தவர்களின் நேரத்தையே அவருக்கும் அளித்தனர் என்று கூறுவர். முதல்வருக்கு ஏறத்தாழ 10 மணி நேரம் பின்னால் வந்த கரோல்லோவுக்கே கறுப்புச் சட்டை கிட்டியது. சூழ்ச்சி, சூழ்ந்தவரையே கவிழ்த்தது!

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. மலபுரோக்கா திறமையற்றவர் அல்லர். சேற்றிலும் மேட்டிலும் மிதிவண்டி ஓட்டும் போட்டியில் 1951, 1953 ஆகிய ஆண்டுகளில் அவர் இத்தாலியின் தேசிய வெற்றி வீரராக விளங்கினார்.

பிரான்சிலும் அத்தகைய போட்டி

டூர் டி பிரான்ஸ் முடிந்தபின் ஊர்தோறும் சிறு பந்தயங்கள் நடைபெறும். மக்களிடம் பெயர் பெற்றுவிட்ட கடைசி வீரருக்கும் அவற்றில் அழைப்பும் ஊதியமும் கிடைத்துவந்தன. 1979-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு பிலிப் டெனியேரும் ஆஸ்திரிய நாட்டு கெர்ஹார்ட் ஷோன்பாகரும் கடைசி இடத்திற்காக மோதினர். டெனியேர் முந்திய ஆண்டில் அவ்விடத்தைப் பெற்றவர். டிஜோன் நகரில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டிய நாளன்று, அவர் அளவுக்கு மீறி மெதுவாகச் சென்றுவிட்டார். கால வரம்பு கடந்தது. அவர் பந்தயத்திலிருந்தே நீக்கப்பட்டார். ஷோன்பாகர் கடைசி இடத்தைப் பெற்றார்.

ஏற்பாட்டாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1980-ஆம் ஆண்டில், பந்தயத்தின் பிற்பகுதியில் மொத்தக் கணக்கில் கடைசியாக இருப்பவரை நாள்தோறும் நீக்கும் விதியைப் புகுத்தினர். அவ்விதியையும் மீறித் தப்பிய ஷோன்பாகரே அவ்வாண்டும் கடைசியாக வந்து முடித்தார்.

உழைப்பால் கடைசியானவர்

இவர்களினின்று வேறுபட்டவர் பெல்ஜிய நாட்டு விம் வான்செவெனான்ட். 2006, 2007, 2008 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து அவரே செவ்விளக்கு. அவர் ஒளியவும் இல்லை; சோம்பவும் இல்லை. குழுத் தலைவருக்குத் துணை செய்வதே அவர் பணி. தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துவந்து கொடுப்பதும், எதிர்காற்றைத் தம் உடலால் தடுத்து முன்னே செல்வதும் துணைவீரரின் கடமைகள். அன்றைய வேலை முடிந்ததும் களைத்துப் பின்தங்குவர். 2007-இல் அவர் குழுவின் தலைவர் கேடல் எவன்ஸ் இரண்டாம் இடத்தைப் பெற்றார். மூன்று வாரப் பந்தயத்தில் அவர் முதலிடத்தை இழந்தது வெறும் 23 விநாடிகளால். அவ்வளவு அருகில் தலைவர் நின்றதில், கடைசியாக வந்தவரின் வியர்வைக்கும் பங்குண்டு.

1999-ஆம் ஆண்டில் கடைசியாக வந்த ஷாக்கி துராந்து என்னும் பிரான்சு வீரர், துணிந்து போராடிய வீரருக்கு உரிய பரிசையும் அதே ஆண்டில் பெற்றார். கடைசி இடமும் வீரமும் ஒருவரிடத்தில் கூடி நிற்கக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

நாம் அறிய வேண்டியது

மாணவர்களே! கடைசி இடம் என்பது ஒரே எண்தான். ஆனால், அதனை அடையும் வழிகள் பல. வேண்டுமென்றே பின்தங்கியவர் தம் திறமையைத் தாமே மறைத்துக்கொண்டார். பிறர்க்காக உழைத்துப் பின்தங்கியவரோ தம் கடமையை நிறைவேற்றினார். இருவரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று.

பெற்றோர்களே! தேர்ச்சி அறிக்கையில் பிள்ளையின் இட எண்ணை மட்டும் கண்டு சினம் கொள்ளாதீர். அவன் ஒளிந்திருந்தானா, உழைத்துவந்தானா என்று கேளுங்கள். ஒளிந்தவனைத் திருத்துங்கள், உழைத்தவனைத் தட்டிக்கொடுங்கள். நாள்தோறும் கால வரம்புக்குள் வந்து சேர்பவன் பந்தயத்தை விட்டு விலகாதவன். கடைசிப் பெட்டியில் விளக்கு எரிந்தால்தான் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்பது பொருள்.

பயிற்சி வினாக்கள்

1. முதல்வர் 4 மணி நேரத்தில் வந்து, வரம்பு 15 விழுக்காடு எனில், மற்றவர்கள் எவ்வளவு நேரத்திற்குள் வர வேண்டும்?
2. மலபுரோக்காவுக்கும் வான்செவெனான்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. செவ்விளக்கு என்னும் பெயர் பொருத்தமானதா? காரணம் கூறுக.