த்ரீ நாட் த்ரீக்கு எந்தக் குண்டு?

அமெரிக்காவிலும் கனடாவிலும் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர், சுட்டு முடித்த பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். உறையை டை என்ற அச்சுக்குள் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, வாயில் குண்டைச் செருகினால் தோட்டா தயார். ரீலோடிங் என்பது இதுதான். (இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.) தொல்லை பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் தலைகாட்டும். குண்டு உறைக்குள் தொளதொளவென்று விழும், அல்லது நுழைய மறுக்கும், அல்லது முடித்த தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் போகாது. அதற்குக் கைமாறிக் கைமாறி வரும் வைத்தியங்களில் சில உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை: பெயரில் உள்ள எண்தான் குண்டின் விட்டம்.

நம் ஊர்ப் போலீஸ்காரர்களின் தோளில் பல காலம் தொங்கிய த்ரீ நாட் த்ரீயையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டன் 1888இல் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியோடு படைக்குக் கொண்டுவந்த தோட்டா அது. துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் சுழன்று செல்லும் பள்ளங்களும் அவற்றுக்கிடையே மேடுகளும் உண்டு. 0.303 அங்குலம் என்பது மேடுகளுக்கு இடைப்பட்ட அளவு. குண்டு பள்ளத்தின் அடிவரை நிறைய வேண்டும் என்பதால் அதன் விட்டம் 0.311 அல்லது 0.312 அங்குலம். அமெரிக்காவின் .30-06 தோட்டாவுக்கு 0.308 அங்குலக் குண்டு; .270 வின்செஸ்டருக்கு 0.277.

‘எல்லாம் முப்பது ரகம்தானே’ என்று .303க்கு 0.308 குண்டை வாங்கி வருபவருக்கு என்ன நடக்கும்? .303 டை, 0.311 குண்டைப் பிடிக்கும்படி உறையின் கழுத்தைச் சுருக்கித் தருகிறது. அதில் 0.308 குண்டு விரலால் அழுத்தினாலே இறங்கிவிடும். அவர் டை பழுது என்று நினைத்து இன்னொரு டைக்குச் செலவழிப்பார். மாற்ற வேண்டியது குண்டை.

எதிர்த்திசையில் போனால் இழப்பு பணத்தோடு நிற்காது. ஜெர்மனியின் 8 மி.மீ. மவுசர் தோட்டா 1888இல் 0.318 அங்குலக் குண்டோடு வந்தது. பின்னர் குழலை அகலமாக்கி 0.323 குண்டுக்கு மாறினார்கள். பழைய குறுகிய குழலில் 0.323 குண்டைச் சுட்டால் அழுத்தம் அபாயகரமாக ஏறும்.

த்ரீ நாட் த்ரீ தோட்டாவைச் சுடும் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளில், குறிப்பாகப் போர்க்கால அவசரத்தில் செய்தவற்றில், பள்ளத்தின் அளவு குழலுக்குக் குழல் மாறும். அதனால் அளந்தே ஆக வேண்டும். காலியான துப்பாக்கியின் எண்ணெய் தடவிய குழலில் மென்மையான ஈயத் துண்டைத் தட்டி மறுபக்கம் வரை தள்ளி, அதன் மேல் பதிந்த அளவை மைக்ரோமீட்டரில் பார்ப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. என்ஃபீல்டு குழல் பலவற்றில் ஐந்து பள்ளங்கள். ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் எதிரே ஒரு மேடு வரும். சாதாரண மைக்ரோமீட்டர் அளவைக் குறைத்தே காட்டும். ‘வி’ வடிவத் தாங்கி உள்ள கருவி வேண்டும். வார்ப்பு ஈயக் குண்டு சுடுபவர்கள் பள்ள அளவைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாகவே தேர்ந்தெடுப்பது வழக்கம்.

நம்பிக்கை: குண்டு ஆடினால் இன்னும் இறுக்கிக் கிரிம்ப் செய்தால் சரியாகிவிடும்.

இது பரவலான தவறு. கிரிம்ப் என்பது உறையின் வாயைக் குண்டின் மேல் உள்நோக்கி மடிப்பது. குண்டைப் பிடித்திருப்பது முதன்மையாகக் கழுத்து; அது குண்டைவிட ஏறத்தாழ 0.002 அங்குலம் சிறுத்திருக்க வேண்டும். பிடியே இல்லாத கழுத்தை அழுத்தி மடித்தால் பித்தளையும் குண்டும் சேர்ந்து நசுங்கும். அழுத்தம் விலகியதும் பித்தளை சற்று விரிந்துகொள்ளும். ஈய உள்ளீடு கொண்ட குண்டு நசுங்கியபடியே நிற்கும். முன்பைவிடத் தளர்வுதான் மிச்சம். மடிப்புக்கான வரிப்பள்ளம் இல்லாத குண்டில் இதைச் செய்தால் உறையின் தோள் புடைத்து, தோட்டா அறைக்குள்ளும் போகாது.

தளர்வின் காரணத்தைக் கண்டுபிடிக்க, டைக்குள் கழுத்தை விரிக்கும் உருண்டையைக் கழற்றிவிட்டு ஓர் உறையை அளவாக்கிப் பாருங்கள். கழுத்து போதிய அளவு சிறுத்தால், உருண்டை பெரிது. சிறுக்கவில்லை என்றால் அந்த உறையின் கழுத்துச் சுவர் மெல்லியது, அல்லது பலமுறை சுட்டதில் பித்தளை கெட்டிப்பட்டு அழுத்தினாலும் பழையபடி விரிகிறது. கெட்டிப்பட்டதைக் கழுத்திலும் தோளிலும் மட்டும் சூடேற்றி இளக்கலாம். அடிப்பாகத்துக்கு அந்தச் சூடு போகவே கூடாது. அடி இளகிய உறை வெடிப்பழுத்தத்தைத் தாங்காது.

தளர்ந்த குண்டு, துப்பாக்கியின் உதைப்பிலோ மேகசினிலிருந்து ஏறும்போதோ உறைக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறையும், அழுத்தம் கூடும்.

நம்பிக்கை: தோட்டா இறுக்கமாகப் போனால் போல்ட்டைப் பலமாகத் தள்ள வேண்டியதுதான்.

வேண்டாம். சுடச் சுட உறை நீளும். .303 உறைக்கு உச்ச நீளம் 2.222 அங்குலம், அதைத் தாண்டினால் உறையின் வாய் அறையின் முனையில் நெருங்கிக் குண்டைக் கவ்விக்கொள்ளும், சுடும்போது விடாது. குண்டின் மூக்கு மேடுகளில் சிக்குவது இன்னொரு வகை. அப்படிச் சிக்கியதை வெளியே இழுத்தால் குண்டு குழலிலேயே நின்று, மருந்து துப்பாக்கிக்குள் கொட்டலாம்.

மருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டா ஒன்றை மார்க்கரால் கறுப்பாக்கி, மெதுவாக ஏற்றி எடுங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். மூக்கு என்றால் இன்னும் ஆழமாகச் செருக வேண்டும். வாய் என்றால் உறையை வெட்டிக் குறைக்க வேண்டும். தோள் என்றால் செருகும்போதோ கிரிம்பிலோ அது புடைத்திருக்கிறது, அல்லது டை தோளைச் சரியாகத் தள்ளவில்லை.

நம்பிக்கை: கையேட்டு நீளத்துக்குச் செருகினால் எந்தக் குண்டும் பொருந்தும்.

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு உச்ச நீளம் 2.810 அங்குலம் என்பது நுனிவரை எடுத்த அளவு. குழலின் மேட்டைத் தொடுவதோ நுனிக்குக் கீழே குண்டு முழு விட்டத்தை நெருங்கும் வளைவு. ஒரே எடையுள்ள இரு குண்டுகளில் இந்த வளைவு வேறு வேறு இடத்தில் இருக்கும். குண்டின் வகையை மாற்றினால் கம்பாரேட்டர் என்ற அளவுகருவி வைத்து அந்த வளைவிலிருந்து அளக்க வேண்டும்.

நம்பிக்கை: பொருந்தாமல் போனவற்றை எப்படியாவது சுட்டுத் தீர்த்துவிடலாம்.

குண்டை வெளியே இழுக்கும் புல்லர் எளிய கருவி. பிரித்தால், நசுங்காத உறையும் குண்டும் மறுபடி பயன்படும். மருந்தை இன்னது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதன் டப்பாவில் திரும்பப் போட வேண்டும்.