பேட்டரி வயரைக் கழற்றும் முன்

"காடி இழுக்கலையா? பேட்டரி வயரைக் கழற்றி மாட்டு, சரியாயிடும்." தம்பிகளே, இது பாதிதான் உண்மை. த்ராட்டல் பாடியில் கரி படியப் படிய, இஞ்சின் கணினியான இ.சி.யூ. அதற்கேற்பத் தன் கணக்கை மாற்றிப் பழகிக்கொள்ளும். கரியைத் துடைத்த பிறகு அந்தப் பழைய கணக்கு பொருந்தாது. ரீசெட் அப்போதுதான் உதவும். துடைக்காமல் செய்தால், சிக்னல் லைட்டில் நிற்கும்போது இஞ்சின் அணைந்தும் போகலாம்.

இஞ்சின் லைட் எரியுதா? முதலில் ஸ்கேனரில் கோடைப் படித்து எழுதி வைங்க. ரீசெட் செய்தால் கோடு அழிஞ்சிடும், பழுது அப்படியே இருக்கும். மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்? லைட் மினுக்கினால் ரீசெட்டை மறந்துடுங்க. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், விலை உயர்ந்த கெட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துடும்.

கழற்றுவதென்றால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்க. மாட்டிய பிறகு கொஞ்ச தூரம் நிதானமா ஓட்டுங்க. கணினி மறுபடியும் முதலிலிருந்து படிக்கணுமே!