துண்டுச் சீட்டு வருவதற்கு முன்

சென்னையில் நாற்பது வருஷமாகக் கவிதைக் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அதில் பாதிக் காலம் நாற்காலி போடுகிறவனாக. புதிதாக வாசிக்க வருகிற பிள்ளைகளும், தங்கள் பகுதியில் மாதக் கூட்டம் ஒன்று தொடங்க நினைக்கிறவர்களும் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். எண் போட்டிருப்பது எனக்கு மறதி வந்துவிட்டதால். முக்கியமானது முதலில் என்றெல்லாம் இல்லை.

1. அழைப்பிதழில் உங்கள் பெயர் இல்லாத கூட்டங்களுக்கு முதலில் போங்கள். ஒன்றிரண்டு போதாது, ஆறேழு. கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூர் பனுவல், சி.ஐ.டி. காலனி கவிக்கோ மன்றம், அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகம் என்று சுற்றி வாருங்கள். புத்தகக் கடையில் முன்வரிசைக்காரர் முழங்கால் உங்கள் மேல் இடிக்கும். அங்கே பேசுகிற குரலே போதும். பெரிய அரங்கில் நாற்பது பேர் வந்திருப்பார்கள், நாற்பது பேரும் கடைசி நாலு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். இது ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தன் கவிதையை வாசித்து முடித்ததும் ‘அவசர வேலை’ என்று எழுந்து போகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கூப்பிடவும் மாட்டார்கள்.

2. கவியரங்கம் வேறு, கவிதை வாசிப்பு வேறு. கவியரங்கத்துக்குத் தலைமை உண்டு, பொதுத் தலைப்பு உண்டு. தலைவர் ஒவ்வொரு கவிஞரையும் பெயரை வைத்துச் சிலேடை சொல்லி அழைப்பார். கவிஞர் ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் சொல்வார்: முதல் தரம் காதில் விழ, இரண்டாம் தரம் கைதட்ட. பொங்கலன்று வானொலியில் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. கண்ணதாசன், கருணாநிதி, அப்துல் ரகுமான் எல்லாம் ஏறி நின்ற மேடை அது. இளக்காரம் வேண்டாம். ஆனால் 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ பத்திரிகை வழியாக வேர்பிடித்த புதுக்கவிதை, தாளில் தனியாகப் படிக்கிறவனுக்காக எழுதப்பட்டது. அதன் வரியை இரண்டு தரம் சொன்னால் உப்பு ஜாஸ்தியான ரசம் மாதிரி ஆகிவிடும். ஒரு தரம் சொல்லுங்கள், வரி முடிந்த இடத்தில் மூச்சு விடுங்கள். உங்கள் நல்ல கவிதை எல்லாமே காதுக்கு ஏற்றதாக இருக்காது. வீட்டில் சமையலறை வாசலில் நின்று வாசித்துப் பாருங்கள். உள்ளே கரண்டிச் சத்தம் நின்றால் அந்தக் கவிதையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

3. ஐந்து நிமிஷம் என்றால் நாலு நிமிஷம். என் இருபத்தாறாம் வயதில், மேற்கு மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூட மாடியில் என் முதல் கவியரங்கம். பதினான்கு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆறாம் பக்கத்தில் இருக்கும்போது தலைவரிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பாராட்டு என்றே நினைத்தேன். கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். பத்தாம் பக்கத்தில் இன்னொன்று. அதையும் பத்திரப்படுத்தினேன். பிறகு கைதட்டல் ஆரம்பித்தது. வரிக்கு வரி தட்டினார்கள். பஸ் ஸ்டாப் விளக்கில் இரண்டையும் பிரித்தேன். முதலாவதில் ‘முடிக்கவும்’. இரண்டாவதில் அதே சொல், கீழே இரண்டு கோடு போட்டு. அந்தக் கைதட்டலுக்கும் அப்போதுதான் அர்த்தம் விளங்கியது.

4. தாளில் அச்சடித்து எடுத்துப் போங்கள், எழுத்து பெரிதாக. போனைப் பார்த்து வாசித்தால் பாதியில் திரை அணையும், இல்லாவிட்டால் அம்மா கூப்பிடுவார்கள்.

5. மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்துக்கொண்டால் போதும். கையில் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டி பக்கம் நடந்தால் ‘கீ’ என்று கத்தும். அது இயந்திரத்தின் தப்பு இல்லை. மைக்செட்காரரிடம் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு வார்த்தை பேசி வையுங்கள். கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாம் கேட்டுத் தேறிய காது அவருடையது. நீங்கள் மேடையில் இருக்கும்போது அவர் போனை நோண்டாமல் நிமிர்ந்து பார்த்தால், விமர்சகர் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. கவிதைக்கு முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லாதீர்கள்.

7. இனி, கூட்டம் நடத்த விரும்புகிறவர்களுக்கு. ஒரு கிழமையைப் பிடித்துக்கொண்டு மாற்றாமல் இருங்கள். எங்களுக்கு இரண்டாம் சனிக்கிழமை. வெளியூர்க் கவிஞருக்கு வசதிப்படும் என்று ஒரு தடவை ஞாயிறுக்கு மாற்றினோம். வழக்கமாக வருகிறவர்கள் சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் மூன்று பேர் திரும்ப வரவே இல்லை. கிழமையைப் போலவே வேலையும் நிலையாக இருக்க வேண்டும். 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பைப் பாருங்கள். அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை மாதாமாதம் செய்தார்கள். வருகிறவர்களுக்குப் பேச ஒரு விஷயம் மேசையில் இருந்தது. வெறுமனே ‘சந்திப்போம், பகிர்வோம்’ என்றால் நாலாவது மாதம் நீங்களும் உங்கள் நண்பரும்தான் சந்திப்பீர்கள். ஏழு பேர் வந்தாலும் குறித்த நேரத்தில் தொடங்குங்கள். ஏழு பேரை வட்டமாக உட்காரவைத்தால் கூட்டம், வரிசையாக உட்காரவைத்தால் காலி அரங்கு. பிறகு, வாட்ச்மேன். எட்டரைக்கு அரங்கைப் பூட்ட வேண்டும், எட்டே முக்காலுக்கு அவருக்குப் பஸ். சிறப்பு விருந்தினர் ‘இறுதியாக ஒன்று’ என்று மூன்றாம் தடவை சொல்லும்போது பின்னால் சாவிக்கொத்து குலுங்கும். அது உங்களுக்குச் சொல்வது. அவரைக் காக்கவைத்துவிட்டு மேடையில் உழைக்கும் மக்களைப் பற்றிக் கவிதை வாசிப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

8. பொன்னாடை வேண்டாம். ஐந்து வாழ்த்துரையும் வேண்டாம். அந்தக் காசுக்கு எல்லோருக்கும் டீயும் சுண்டலும் கொடுங்கள். சுண்டலை நடுவில் கொடுக்காதீர்கள்.

9. தெருவில், பூங்காவில் நடத்த ஆசை வரும். நல்ல ஆசைதான். 2007இல் சென்னை சங்கமம் விழா வந்தபோது பூங்காவிலும் கடற்கரையிலும் கரகமும் ஒயிலும் ஆடினார்கள். காய்கறிப் பையோடு போகிறவர்கள் அப்படியே நின்றார்கள். 2015இல் பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவில் கர்நாடக சங்கீதமும் பறையும் மீனவர்கள் வாழ்கிற இடத்துக்கே போயின. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அது அவர்கள் வலை உலர்த்துகிற மணல், அவர்கள் பிள்ளைகள் விளையாடுகிற நேரம். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். உங்கள் நிகழ்ச்சி நிரலில் அந்தத் தெருக்காரர் பெயர் இருக்கட்டும். மாநகராட்சிப் பூங்கா என்றால் மாநகராட்சியின் அனுமதி, ஒலிபெருக்கிக்குக் காவல் துறை அனுமதி. இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஐப்பசி கார்த்திகையில் வானத்தை நம்பாதீர்கள். அனுபவத்தில் ஒன்று: பறையாட்டத்துக்கு அடுத்து உங்கள் மென்மையான காதல் கவிதையைப் போடாதீர்கள். போட்டேன். என் உதடு அசைந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

10. புத்தகம் போட்டிருந்தால் இலவசமாகக் கொடுக்காதீர்கள். ஓசியில் வாங்கிய கவிதைத் தொகுப்பை யாரும் திறப்பதில்லை. விற்க வெட்கமாக இருந்தால் செல்லப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்ற மனுஷர். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஜிபே இருக்கிறது என்பீர்கள். அரங்கின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காது.

11. முடிந்ததும் நாற்காலிகளை எட்டு எட்டாக அடுக்குங்கள். சீக்கிரம் கிளம்பலாம் என்று பத்தாக அடுக்கினால் மேலே இருப்பது சரிந்து கைப்பிடி உடையும், வாடகைக்காரர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார். அடுக்கிக்கொண்டே பேசலாம். மேடையில் ‘அருமை’ என்று மட்டும் சொன்னவர், அந்த மூன்றாவது பத்தி எதற்கு என்று அப்போதுதான் கேட்பார்.